வானிலை ஆப் காட்டும் ‘குறைந்த வெப்பம்’ எந்த ராத்திரிக்கு?

வானிலை ஆப்பைத் திறக்கும் ஆட்களில் பெரும்பாலோர் மழை வருமா என்றுதான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது ராத்திரி எவ்வளவு குளிரும் என்று. பாளையங்கோட்டை மகாராஜநகர் பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். வீடுகளுக்குப் பாக்கெட், டீக்கடைகளுக்கும் மெஸ்களுக்கும் வாளி. மத்தியானம் மூணு மணிக்குக் கிரைண்டர் ஓடத் தொடங்கினால், ஏழு மணிக்குள் உப்புப் போட்டுக் கரைத்து வைத்துவிடுவோம். காலை அஞ்சு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். நடுவில் உள்ள பத்து மணி நேரம் மாவு தன் போக்கில் பொங்கும். அந்தப் பத்து மணி நேரத்தில் எத்தனை டிகிரி இருக்கும் என்பதுதான் எனக்கு வேண்டிய செய்தி.

அரிசி அம்பை 16 ரகம், உளுந்து உருட்டு, வெந்தயம் கொஞ்சம். இந்த மூன்றையும் நான் முடிவு பண்ணிக்கொள்ளலாம். நாலாவது சாமான் சூடு. அது என் கையில் இல்லை. உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வரும் லியூகோனாஸ்டாக் என்ற நுண்ணுயிர்தான் மாவைப் பொங்க வைக்கிறது என்று படித்திருக்கிறேன். அதற்கு 30 டிகிரியை ஒட்டின இதமான சூடு இருந்தால் வேகமாக வேலை செய்யும். சித்திரை வைகாசியில் விடியற்காலையிலும் 27 டிகிரிக்குக் கீழே இறங்காத ராத்திரிகளில், விடியுமுன்னே மாவு பொங்கி முடிந்து புளிக்கத் தொடங்கிவிடும். மார்கழி தை மாதத்தில் 22க்கு வந்துவிட்டால், வண்டி கிளம்பும் நேரத்திலும் பாதிப் பொங்கல்தான். அதனால் கோடையில் ஐஸ் தண்ணி விட்டு அரைப்பது, குளிரில் வெதுவெதுப்பான தண்ணி விட்டுப் பழைய மாவில் ஒரு கரண்டி கூடச் சேர்ப்பது, டிரம்மைச் சுற்றிச் சாக்குக் கட்டுவது என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கைமுறை உண்டு. எந்தக் கைமுறை என்பதை சாயங்காலம் ஆறு மணிக்கு முடிவு பண்ணியாக வேண்டும். ஏழு மணிக்கு மேல் திருத்த முடியாது.

ஆகவே இந்த விமர்சனம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது. ஆப்கள் ஒரு நாளைக்கு இரண்டு எண் போடுகின்றனவே, உச்சம் ஒன்று, தாழ்வு ஒன்று, அவற்றை எப்படிக் காட்டுகின்றன என்பது. என் போன், மகள் போன், தம்பி மகனுடைய ஐபோன் எல்லாவற்றிலும் வெவ்வேறு ஆப்களைப் போட்டுப் பார்த்துப் பழகினதில் இருந்து சொல்கிறேன்.

முதல் சிக்கல் இது. மார்கழி மாதம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆப்பைத் திறக்கிறேன். ‘இன்று’ என்ற வரிசையில் 30, 23 என்று இருக்கிறது. 23 எப்போது வரும்? பல ஆப்களில் அந்த 23 ஏற்கெனவே வந்து போய்விட்டது. நள்ளிரவு பன்னிரண்டில் தொடங்கி அடுத்த நள்ளிரவு பன்னிரண்டில் முடிவதுதான் அவற்றுக்கு ஒரு நாள். அந்த நாளுக்குள் ஆகக் குறைந்த சூடு இன்று காலை ஆறு, ஆறரைக்கு வந்தது. நான் கேட்பது இன்று ராத்திரி கழிந்து நாளை விடியும் நேரத்தை. அது ‘நாளை’ வரிசையில் 21 என்று உட்கார்ந்திருக்கிறது. 23க்கும் 21க்கும் நடுவில் உள்ள இரண்டு டிகிரி ஏசிக்காரருக்கு ஒன்றுமில்லை. மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலான வித்தியாசம்.

இது ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் படிப்பது எளிது. வெயில் தாழ்ந்ததும் தரை வாங்கின சூட்டை விடத் தொடங்கும். ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். சூரியன் கிளம்பி, விடுகிற சூட்டைவிட வாங்குகிற சூடு கூடும் வரைக்கும் இறக்கம்தான். அதனால் ஒரு நாளின் ஆகக் குறைந்த சூடு நடுராத்திரியில் வராது, விடியும் நேரத்தை ஒட்டித்தான் வரும். அதே கணக்கில் உச்சமும் உச்சிப்பொழுதில் வருவதில்லை, இரண்டு மூணு மணிக்கு மேல்தான். ராத்திரி என்று நாம் சொல்லுவது ஒரே நீட்டம். நள்ளிரவில் கோடு போட்டால் அந்த ராத்திரி இரண்டாக உடைந்து, அதன் குளிர்ந்த பாதி மறுநாள் கணக்கில் போய்விடுகிறது. தேதி மாறுவதற்கு நள்ளிரவு சரி. குளிருக்கு அந்தக் கோடு பொருந்தவில்லை.

எல்லா ஆப்பும் இப்படி இல்லை. ஆக்குவெதர் பகலையும் ராத்திரியையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒரு நாளைத் தொட்டால் பகலுக்கு ஒரு கட்டம், ராத்திரிக்கு ஒரு கட்டம். ராத்திரிக் கட்டத்தில் உள்ள எண் வரப்போகும் ராத்திரிக்கு உரியது. எனக்கு வேண்டியது இதுதான். வெதர் சேனலும் பகல் உச்சத்தோடு அதைத் தொடர்ந்து வரும் ராத்திரியின் தாழ்வைத்தான் ஜோடி சேர்க்கிறது. பொழுது சாய்ந்த பிறகு திறந்தால் உச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறு கோடு போட்டுவிட்டு, ராத்திரித் தாழ்வை மட்டும் காட்டும். முதல் தடவை பார்த்தபோது என் மகள், “எம்மா, ஆப்பு கெட்டுப் போச்சு போல, நம்பரக் காணோம்” என்றாள். கெடவில்லை. பகல் முடிந்துவிட்டது, இனி அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்று அந்தக் கோடு சொல்லுகிறது. இவ்வளவு நேர்மையான கோட்டை வேறெந்த ஆப்பிலும் நான் பார்க்கவில்லை. முடிந்துபோன எண்ணை வரப்போகும் எண் மாதிரி காட்டுவதைவிட வெறும் கோடு எவ்வளவோ மேல்.

நள்ளிரவுக் கணக்கு வைக்கும் ஆப் உங்கள் போனோடு வந்திருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு மேல் திறக்கும்போதெல்லாம் உச்சத்தை ‘இன்று’ வரிசையிலும், தாழ்வை ‘நாளை’ வரிசையிலும் பாருங்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாளுக்கு இது சரியாக வரும்.

மிச்ச நாட்கள்தான் ஐப்பசி கார்த்திகை. அங்கே இந்த வழியும் கவிழ்ந்துவிடும். நம்ம பக்கத்து ஐப்பசி தெரியும். காலையில் சுள்ளென்று வெயில், மத்தியானம் இறுக்கம், மூணு நாலு மணிக்கு இடி இடித்து ஒரு பாட்டம் கொட்டும். கொட்டும்போது மேலே இருந்து குளிர்ந்த காற்றும் கூடவே இறங்குவதால் சூடு மளமளவென்று சரிந்துவிடும். 33ல் இருந்தது அரை மணி நேரத்தில் 24க்கு வரும். மழை விட்டதும் மேகம் கலையாமல் அப்படியே மூடி நிற்கும். தரை விடுகிற சூட்டை மேகம் தடுத்துத் திருப்பி அனுப்பும். ராத்திரி முழுக்க 25, 26 என்று புழுக்கம். அன்றைய நாளுக்கு ஆகக் குறைந்த வெப்பம் எது? சாயங்காலம் நாலு மணியின் 24. நாளைக்கும் இதே மாதிரி மழை என்றால் ‘நாளை’ வரிசையிலும் ஆப் இப்படி ஒரு சாயங்கால எண்ணைத்தான் ‘தாழ்வு’ என்று எழுதும். கணக்குப்படி அதில் தப்பில்லை. ஆனால் அந்த எண்ணை நம்பி ஒருத்தி வெதுவெதுப்பான தண்ணி விட்டுக் கரைத்தால், விடியற்காலையில் டிரம் வழிந்து தரையெல்லாம் மாவு.

இந்த ஒரு காரணத்துக்காகவே நான் திரும்பத் திரும்பச் சொல்லுவது, தாழ்வுக்குப் பக்கத்தில் மணியைப் போட வேண்டும் என்பது. ‘24’ என்று போடுவதற்குப் பதிலாக ‘24, மாலை 4’ என்று போட எத்தனை எழுத்து கூடிவிடும்? மணிவாரிக் கணக்கு ஆப்பிடம் இருக்கிறது. அதில் இருந்துதான் பலவும் உச்சத்தையும் தாழ்வையும் பொறுக்கி எடுக்கின்றன. பொறுக்கும்போது மணியையும் சேர்த்து எடுக்கலாமே. சூரியன் உதிக்கும் நேரம், மறையும் நேரம், நிலாவின் பிறை எல்லாம் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

மணி இல்லாததால் எனக்கு நேர்ந்த சங்கடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆப்பின் பெயர் வேண்டாம். தை மாதம். போனின் முகப்பில் அந்த ஆப்பின் சின்னக் கட்டம் ஒன்று வைத்திருந்தேன், விட்ஜெட் என்கிறார்களே, அது. சாயங்காலம் அதில் குறைந்த வெப்பம் 25 என்று இருந்தது. வடக்கே இருந்து வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்தது, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும், 25 என்றால் சாதாரணக் கைமுறை போதும் என்று வைத்தோம். காலையில் ஒரு டீக்கடை அண்ணாச்சி ஆறரைக்கெல்லாம் போன் பண்ணிவிட்டார். “எம்மா, மாவு எழும்பவே இல்ல. இட்லி கல்லு மாதிரில்லா இருக்கு. ஆளு வந்து நிக்காவ, நான் என்ன செய்ய?” அவருக்குக் காலை வியாபாரம் போனது. எனக்கு அன்றைய வாளிக் காசு போனது, அது பெரிசில்லை. வருஷக்கணக்காக மாவு வாங்குகிற மனுஷர் முகத்தில் முழிக்க முடியாமல் போனதுதான் பெரிசு. பிறகு தோண்டிப் பார்த்தால், அந்த விட்ஜெட் இரவு வரைக்கும் மீதம் இருக்கும் மணிகளில் ஆகக் குறைந்ததைத்தான் போட்டிருக்கிறது. அதாவது நள்ளிரவு பன்னிரண்டு மணி வரைக்கும். பன்னிரண்டுக்கு 25, விடியும்போது 21. ஆப்பின் உள்ளே போனால் மணிவாரிப் பட்டியலில் 21 இருந்தது. வெளியே வாசலில் மாட்டின பலகையில் 25. ஒரே கம்பெனி, ஒரே ராத்திரி, இரண்டு எண். அந்த விட்ஜெட்டை அன்றே எடுத்தேன்.

உச்சத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு மனத்தாங்கல் இல்லை. மாவுக்கு உச்சம் முக்கியமில்லை, அரிசி ஊறும் நேரத்துக்குக் கொஞ்சம் பார்ப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். “இன்றைய உச்சம் 36னு போட்டுட்டு, இப்போ 38னு காட்டுது. அது எப்படி உச்சத்தைத் தாண்டும்?” இரண்டு எண்ணும் இரண்டு இடத்தில் இருந்து வருவதுதான் காரணம். உச்சம் என்பது கம்ப்யூட்டர் முன்கூட்டிப் போட்ட கணிப்பு. ‘இப்போது’ என்பது பக்கத்தில் உள்ள நிலையங்களின் அளவை வைத்துச் சற்று முன் போட்டது. இரண்டையும் ஒத்துப் பார்த்துத் திருத்தாமல் ஒரே திரையில் போட்டால் இப்படித்தான் ஆகும். சில ஆப்கள் சத்தமில்லாமல் உச்சத்தை 38க்கு ஏற்றிவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காலையில் 36 என்று சொன்னது அழிந்துபோகும். ஆப் எவ்வளவு நம்பகமானது என்று நாம் எடை போட முடியாது. எனக்கு இரண்டும் வேண்டும், சொன்னதும் வேண்டும் நடந்ததும் வேண்டும். ஐபோனின் புதிய பதிப்புகளில் நேற்றைய நாளைத் திரும்பிப் பார்க்க முடிகிறது. அந்த அளவுக்காவது மற்றவர்களும் செய்யலாம்.

இந்த விஷயத்தில் என் மனசுக்குப் பிடித்தது அரசாங்கத்து ஆப்தான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ‘மௌசம்’. 2020 ஜூலையில் வந்தது. பார்வைக்கு எளிமை, அனிமேஷன் கிடையாது, சில சமயம் திறக்க நேரம் எடுக்கும். ஆனால் அந்தத் துறையின் நகர வானிலைப் பக்கம் கடந்த 24 மணி நேரத்தில் உண்மையிலேயே அளந்த உச்சத்தையும் தாழ்வையும் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வரப்போகும் ஏழு நாளுக்குப் போகிறது. அளந்ததுக்குப் பக்கத்திலேயே இயல்பைவிட எத்தனை டிகிரி கூட, எத்தனை குறைவு என்று ஒரு எண் இருக்கும். இந்த ஒரு எண்ணுக்காகவே நான் அதைப் பார்க்கிறேன். ‘22’ என்றால் எனக்குப் பாதிதான் புரியும். ‘22, இயல்பைவிட 1 குறைவு’ என்றால் இந்த வாரம் சாக்குக் கட்ட வேண்டிய வாரம் என்று உடனே தெரிந்துவிடும். இயல்பு என்பது 30 வருஷத்துச் சராசரி. நம்ம ஊருக்கு அது இருக்கிறது, ஏனென்றால் பாளையங்கோட்டையில் துறையின் நிலையம் இருக்கிறது. சென்னை மண்டல வானிலை மையம் நாள்தோறும் தரும் வெப்பப் பட்டியலில் பாளையங்கோட்டை என்ற பெயர் தவறாமல் வரும். கோடையில் மதுரை, திருத்தணி, வேலூரோடு சேர்ந்து செய்தியிலும் வரும்.

துறைக்காரர்கள் ஒரு நாளின் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். காலை 8:30க்கு ஒரு வாசிப்பு, மாலை 5:30க்கு ஒரு வாசிப்பு. குறைந்த வெப்பத்தைக் காலையில் எழுதுவார்கள், உயர்ந்த வெப்பத்தை மாலையில் எழுதுவார்கள். மழையும் காலை 8:30 வரைக்குமான 24 மணி நேரக் கணக்குதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று நாமெல்லாம் வாயைப் பிளந்தோமே, அது 18ஆம் தேதி காலை 8:30க்கு முடிந்த நாள். எட்டரை மணிக்கு முடியும் நாளில் ராத்திரி உடையாது. விடியற்காலைக் குளிர் அடங்கி, வெயில் ஏறத் தொடங்கின பிறகுதான் கணக்கை மூடுகிறார்கள். கண்ணாடித் தெர்மாமீட்டரை ஒருத்தர் நேரில் போய்ப் படித்து எழுதிய காலத்தில் பழகிய நேரம் அது, எனக்கு இன்றைக்கும் நள்ளிரவுக் கணக்கைவிடப் பொருத்தமாக இருக்கிறது. நாளுக்கு எட்டு முறை அளக்கும் நேரங்களில் காலை 5:30ம் ஒன்று, மத்தியானம் 2:30ம் ஒன்று. அந்த 5:30 அளவுதான் என் மாவு வண்டியேறும் நேரத்தின் சூடு.

அந்த அளவு எடுக்கும் இடத்தையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளை அடித்த மரப்பெட்டி, காற்றுப் போகச் சுற்றிலும் சாய்ந்த பலகைத் தட்டிகள், தரையில் இருந்து சுமார் நாலடி உயரம், வெயில் நேரே படாது. ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். ஆப்கள் கணிப்பதும் இதே மாதிரி நிழலில், ஆள் உயரத்தில் உள்ள காற்றின் சூட்டைத்தான். தார்ச்சாலையின் சூடு வேறு, என் கடையின் சூடு வேறு. கடைக்கு மேலே கான்கிரீட் மாடி. பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரி பத்து மணிக்கும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். வெளியே 24 என்றால் உள்ளே 27 இருக்கும். இந்த வித்தியாசம் நிலையாக இருப்பதால் எனக்குப் பிரச்சினை இல்லை, மூணைக் கூட்டிக்கொள்வேன். வாசல் ஓட்டுச்சாய்ப்பில் வைத்திருக்கும் டிரம்முக்கு எதையும் கூட்ட மாட்டேன்.

மலையோரத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கும் போதாது. என் அக்கா விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறாள், பாபநாசத்துக்குப் பக்கம். வைகாசியில் ஒரு நாள் போன் பண்ணி, “எட்டி, இங்க காத்தாடி இல்லாம கண்ணசர முடியல. போனு ராத்திரி 20னு காட்டுது. இது எந்த ஊரு ராத்திரி?” என்றாள். நல்ல கேள்வி. ஆப்களுக்குக் கணிப்புத் தருகிற உலகக் கம்ப்யூட்டர் மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரிக்குக் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். இருக்கிறதிலேயே நுணுக்கமான உலக மாதிரிகளில் அது ஒன்று. ஆனால் பாபநாசத்தில் இருந்து 9 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தால் பொதிகை மலைச் சரிவு. மாஞ்சோலைப் பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். கட்டம் மலையில் விழுந்தால் அக்காவுக்கு மலையின் ராத்திரி, சமவெளியில் விழுந்தால் அவளுடைய ராத்திரி. நல்ல ஆப்கள் இடத்தின் உயரத்தை வைத்து எண்ணைச் சரிசெய்கின்றன. செய்யாதவை செய்யவில்லை என்று திரையில் எங்கேயும் சொல்லுவதில்லை. அக்காவிடம், ஊர்ப் பெயரை விக்கிரமசிங்கபுரம் என்று போடாமல் அம்பாசமுத்திரம் என்று போட்டுப் பாரு என்றேன். அன்றைக்கு 26 என்று வந்தது, சரியாக இருந்தது. தென்காசி, செங்கோட்டைக்காரர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஆனி ஆடியில் கணவாய் வழியாகச் சாரலோடு வரும் மேல்காற்று அங்கே குளிர்ச்சி. அதே காற்று மழையை அங்கே கொட்டிவிட்டு நம்ம பக்கம் இறங்கி வரும்போது காய்ந்து சூடாகி வருகிறது. குற்றாலத்தில் சால்வை போர்த்துகிற நாளில் பாளையங்கோட்டையில் 36 இருப்பது அதனால்தான். இந்தப் பக்கம் முழுவதுக்கும் ஒரே எண் போடும் ஆப்கள் ஆடி மாதத்தில் இரண்டு ஊருக்குமே பொய்யாகிவிடும்.

காட்டும் விதத்தில் இன்னும் சில. ஐபோனில் பத்து நாளுக்கும் ஒரு நிறப்பட்டை வரும், இடப்பக்கம் தாழ்வு, வலப்பக்கம் உச்சம், இன்றைய பட்டையில் இப்போதைய சூட்டுக்கு ஒரு புள்ளி. அழகான யோசனை. பத்து நாளில் ஆகக் குறைந்ததுக்கும் ஆகக் கூடினதுக்கும் நடுவில் ஒவ்வொரு நாளும் எங்கே நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். குளிர் தொடங்குகிற வாரத்தில் பட்டைகள் ஒவ்வொன்றாக இடப்பக்கம் நீளுவதைப் பார்த்தே நான் சாக்கை எடுத்து வெயிலில் போட்டுவிடுவேன். ஆனால் சித்திரையில் நம்ம ஊருக்கு அந்தப் பட்டையால் பயனில்லை. எல்லா நாளும் 27ல் இருந்து 38. பத்துப் பட்டையும் ஒரே நீளம். அதுவும் நள்ளிரவுக் கணக்கோடுதான் வருகிறது என்பதை மறக்கக் கூடாது.

‘உணரும் வெப்பம்’ என்று ஒரு எண்ணைச் சில ஆப்கள் உச்சத்தைவிடப் பெரிய எழுத்தில் போடுகின்றன. காற்றில் ஈரம் கூடினால் உடம்பு வியர்வை காயாமல் சூடு கூடத் தெரியும், அந்தக் கணக்கு அது. வெயிலில் வண்டி ஓட்டிப் போகும் பையன்களுக்கு இது அவசியம், அதைப் பார்த்து நானே மத்தியான டெலிவரியைத் தள்ளி வைத்திருக்கிறேன். மாவுக்கு வியர்க்காது. அதனால் உணரும் வெப்பத்தைத் தனியாக, சின்னதாக வைத்தால் போதும். தாழ்வுக்குப் பக்கத்தில் வைத்துக் குழப்பக் கூடாது.

தசமப் புள்ளி இல்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்குக் குறையில்லை. அரை டிகிரிக்கு மாவு அசையாது.

ராத்திரிச் சூட்டை ஆப்கள் சின்ன எழுத்தில் மங்கலாகப் போடுவதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அது மாவைத் தாண்டினது. பெரும்பாலான திரைகளில் உச்சம் பளிச்சென்று, தாழ்வு சாம்பல் நிறத்தில். வெயில் காலத்தில் எங்கள் தெருவில் உள்ள பெரியவர்களை வாட்டுவது பகல் 38ஐவிட ராத்திரி இறங்காத 29தான். பகலில் வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். ராத்திரி ஓட்டு வீட்டில் எங்கே போவார்கள்? வானிலைத் துறைக்கே இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. பகல் உச்சம் 40ஐத் தொட்ட நாளில், ராத்திரித் தாழ்வு இயல்பைவிட 4.5 டிகிரிக்கு மேல் கூடி நின்றால் அதை வெப்ப இரவு என்று அறிவிக்கிறார்கள். ஆப்களில் வெயிலுக்குச் சிவப்பு எச்சரிக்கை வருகிறது. வேகிற ராத்திரிக்கு எச்சரிக்கை போட்ட ஆப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, இவ்வளவு பார்த்த பிறகு நான் என்ன வைத்திருக்கிறேன்? சுவரில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். கோழிப்பண்ணைச் சாமான் விற்கிற கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இப்போதைய சூடு, ஈரம், அதோடு கடைசியாகப் பொத்தான் அமுக்கினதில் இருந்து வந்த உச்சமும் தாழ்வும் மூலையில் தெரியும். இதை வாங்குகிறவர்கள் பலர் அந்தப் பொத்தானை அமுக்குவதே இல்லை. அமுக்கினால்தான் கணக்கு புதிதாகத் தொடங்கும். நான் ஏழு மணிக்கு டிரம்மை மூடினதும் அமுக்குவேன். காலை அஞ்சு மணிக்கு மூடி திறக்கும்போது அது காட்டும் தாழ்வு முழுக்க முழுக்க என் மாவு இருந்த ராத்திரியின் தாழ்வு. நாள் எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பதை என் விரல் முடிவு பண்ணுகிறது. ஆப் செய்கிறவர்களிடம் கேட்க வேண்டியதும் இதுதான். ‘என் நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது’ என்று அமைப்பில் ஒரு வரி வையுங்கள். நான் மாலை ஏழு என்று போட்டுக்கொள்கிறேன், பால்காரர் அதிகாலை மூணு என்று போட்டுக்கொள்ளட்டும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயப்போடுகிறவர்கள் காலை எட்டு என்று போட்டுக்கொள்ளட்டும்.

முன்கூட்டித் தெரிந்துகொள்ள ஆப் வேண்டும், அதற்குச் சுவரில் உள்ளது உதவாது. தொழிலுக்கு ராத்திரியை நம்பி இருக்கிறவர்கள் ஆக்குவெதரின் ராத்திரிக் கட்டத்தை முதலில் பாருங்கள். விளம்பரம் நிறைய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக மௌசம், இயல்பைவிடக் கூடவா குறைவா என்பதற்கு. ஐப்பசியில் இரண்டையும் விட்டுவிட்டு மணிவாரிப் பட்டியலுக்கு நேரே போய், ராத்திரி பத்து, இரண்டு, அஞ்சு என்று மூணு மணிகளைப் பாருங்கள், எந்த ஆப் ஆனாலும் சரி. நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் ஆக்குவெதருக்கு நாலு, மௌசத்துக்கு நாலு, வெதர் சேனலுக்கு அந்தக் கோட்டுக்காகவே மூணரை, ஐபோனுக்கு மூணு. அஞ்சாவது நட்சத்திரத்தைத் தாழ்வுக்குப் பக்கத்தில் மணி போடுகிறவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

மெஸ் வைத்திருக்கிறவர்கள், வீட்டிலேயே மாவு அரைக்கிறவர்கள் இந்த மார்கழிக்கு எதைப் பார்த்து எவ்வளவு வெந்நீர் சேர்ப்பது என்று கேட்டால் சொல்லித் தருகிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் வந்தால் கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.